இரண்டு மணிக்கூடும் ஒரு நெற்றி லைற்றும்

எங்கள் ஊர் மடத்துவெளியில் இப்போது யாராவது நெற்றி லைற் வாங்குவதென்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். பட்டி போட்டுத் தலையில் மாட்டினால் நெற்றியில் எரியுமே, அந்த லைற்றைச் சொல்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. வந்தவர் கதிரையில் இருக்குமுன்பே சொல்லத் தொடங்கிவிடுவேன். வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும் என்று கடைக்காரன் அளப்பதைக் கேட்காதேயுங்கோ, நாங்கள் என்ன கப்பலுக்கா வழி காட்டப் போகிறோம்? காலடியும் கையும் தெரிந்தால் போதும். சார்ஜ் ஏற்றுகிற லைற் வேண்டாம், கடைப் பற்றறி போடுகிறதாகப் பாருங்கோ. இந்தத் தீவில் மழை வருமுன்பே கரண்ட் போய்விடும். பட்டியை மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலு தரம் குனிந்து நிமிருங்கோ. எண்ணெய் வைத்த தலையில் வழுக்கினால் உள்ளுக்கு ஒரு துணியை மடித்துக் கொடுங்கோ. கடைசியாக, வாங்கினால் பூட்டி வைக்காமல் பாவியுங்கோ. இந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் என் குரல் இறங்கிவிடுகிறது என்று இவர் சொல்கிறார். இவர் என்றால் என் கணவர்.

இதில் பாதி கனடாவில் இருக்கிற என் மகன் சொன்னது. ஒரே பிள்ளை. போய் ஒன்பது வருசம். விடியுமுன் தெருவில் பனி தள்ளுகிற வேலைக்குப் போகிறவன், இதை மாட்டிக்கொண்டுதான் போவான். மூன்று வருசத்துக்கு முன் கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் எங்களுக்கும் ஒன்று கொடுத்துவிட்டான். பிறகு போனில் குரல் பதிந்து அனுப்பினான். "அம்மா, வளவுக்குள்ளை இறங்கேக்கை போடுங்கோ. பாம்பு பூச்சி கிடக்கும். பாவிக்காட்டில் பற்றறியைக் கழற்றி வைக்கோணும், உள்ளை கிடந்தா ஊத்தும்." குரலை நான் எத்தனையோ தரம் போட்டுக் கேட்டேன். சொன்னதைத்தான் கேட்கவில்லை.

லைற்றை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

எங்கள் ஊரில் இது புதினமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த துவாய் ஒட்டின கடதாசியோடு அடுக்கில் கிடக்கும். சவர்க்காரம் சேலைகளுக்கு நடுவில் வாசம் போகுமட்டும் கிடக்கும். நல்ல சாமானை எங்கள் சனம் எப்போதும் தேவைக்கு என்று எடுத்து வைக்கும், நாளாந்தம் வருகிற தேவையெல்லாம் தேவையில்லை என்று நினைக்கும். இவர் இரண்டு மூன்று தரம் கேட்டார். "தேவைக்குக் கிடக்கட்டும்" என்றேன். "உம்மட தேவை தேதி சொல்லிப்போட்டோ வரப்போகுது?" என்று நக்கலடித்துவிட்டுப் பழைய கை ரோச் லைற்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. பாவித்தால் பட்டி ஊத்தையாகும், கண்ணாடியில் கீறல் விழும். பழசாகிப் போனால் அவன் அனுப்பி எத்தனை வருசம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். பெட்டிக்குள் இருக்கும்வரை அது நேற்று வந்த சாமான், அவனும் நேற்றுப் போன பிள்ளை. அங்கே விசாக் காகித வேலைகள் முடிந்ததும் வருவான் என்று ஒன்பது வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவன் போன் எடுக்கிறபோதெல்லாம் "லைற் பாவிக்கிறீங்களோ?" என்று கேட்பான். "ஓம் ஓம், பாவிக்கிறம்" என்பேன்.

எங்கள் விறாந்தைச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள். ஒன்று எங்களுக்கு, மற்றது அவனுக்கு, கனடா நேரத்தில். "பத்தரை மணித்தியாலத்தைக் கழிக்கத் தெரியாதோ?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். தெரியும். கழிக்கிற அந்த நேரத்துக்குக்கூட எனக்கு இருப்புக்கொள்ளாது. குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். இப்போது எழும்பியிருப்பான், இப்போது பனிக்குள் நிற்பான், இப்போது சாப்பிட்டானோ தெரியாது. அங்கே வருசத்தில் இரண்டு தரம் நேரத்தை மாற்றுவார்கள். கதிரையில் ஏறி முள்ளைத் திருப்புவது என் வேலை, வேறொருவரையும் தொட விடமாட்டேன்.

போன கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. கரண்ட் இல்லை. எங்களிடம் ஒரு மாடு, தலைச்சன் கன்றுக்கு நிறைமாதம். பிரான்சில் இருக்கிறவர்களின் ஆளில்லாத வளவுக் காணியொன்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மழைக்குப் புல் தளதளவென்று நிற்கிறதே என்று காலையில் மாட்டை அங்கே கட்டியது நான்தான். பின்னேரம் ஐந்தரைபோல அவிழ்க்கப் போனால் கயிறு கட்ட அடித்த கட்டையும் இல்லை, மாடும் இல்லை. ஈர மண்ணில் கயிறு இழுபட்ட தடம் பற்றைக்குள் போனது. அந்தப் பக்கம் ஒரு பாழ் கிணறு இருக்கிறது, கட்டு இடிந்து கொடி மூடினது. தெரிந்துதான் தூரமாகக் கட்டினேன். கட்டை ஊறின மண்ணில் பிடுங்குப்படும் என்று யோசிக்கவில்லை.

கொடியை விலக்கிப் பார்த்தேன். ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே தண்ணீர். அதில் மாட்டின் தலை மட்டும் தெரிந்தது. மூக்கை மேலே பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்தியது. நான் போட்ட சத்தத்தில் இவர் கயிறும் ரோச்சுமாக ஓடி வந்தார். அடுத்த வளவு அண்ணையும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரால ஏலாது, ஆக்களையும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினையும் கொண்டு வாறன்" என்று மோட்டார் சைக்கிளில் இறுப்பிட்டிப் பக்கம் பறந்தார்.

"ஆக்கள் வரட்டும், நீங்கள் இறங்காதேங்கோ" என்றேன்.

"வருமட்டும் இது தாங்காது."

இவருக்கு அறுபத்தொரு வயது, பிறசருக்குக் குளிசை போடுகிறவர். கயிற்றை வேம்பில் கட்டி, சாரத்தை மடித்துக்கொண்டு இறங்கினார். இடிந்து விழுந்த கட்டின் கல்லில் கால் ஊன்ற இடம் கிடைத்தது. நெஞ்சளவு தண்ணீர். ஒரு கையால் மாட்டின் தலைக்கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். மற்றக் கையால் இன்னொரு கயிற்றை மாட்டின் வயிற்றுக்குக் கீழே விட்டு மறுபக்கம் எடுக்க வேண்டும். வயிற்றில் கன்று, கயிறு எங்கே படுகிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ரோச் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பல்லில் கடித்துக்கொண்டார்.

மேலே நான் சும்மா நின்றிருக்கலாம். என்னால் ஏலாது. "கால் வழுக்குதோ? மூச்சு வாங்குதோ? கயிறு எட்டுதோ?" என்று கேட்டபடி நின்றேன். பல்லில் ரோச்சோடு அவர் என்ன சொல்வார்? ம்ம், ம்ம் என்றார். அந்த ம்ம் எனக்குப் போதவில்லை. "என்னெண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோவன்!" என்று கத்தினேன்.

திறந்தார். "வாயை மூடிக்கொண்டு நில்லும்!" என்று ஏசினார். ரோச் தண்ணீருக்குள் போனது. கொஞ்ச நேரம் அடியில் பச்சையாக எரிந்தது, பிறகு அணைந்தது.

மாரி காலத்து மம்மல் பொழுது, போதாததற்குப் பற்றை. கிணற்றுக்குள் கறுப்பாக இருந்தது. என் போனில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. அதன் லைற்றைப் பிடித்தேன். மேலேயிருந்து பிடித்த வெளிச்சம் அவர் உச்சந்தலையில் பட்டு நிழலாக அவர் கையில் விழுந்தது. எந்தப் பக்கம் நின்று பிடித்தாலும் அதே கதை. மாடு இருமத் தொடங்கியது.

"இஞ்சேரும், அந்த நெத்தி லைற் எங்கை?"

"அலுமாரிக்குள்ளை."

மாட்டின் தலையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தார். பிறகு, "எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

"நான் போனா உங்களுக்கு இருட்டெல்லோ?"

"இப்ப மட்டும் என்ன பட்டப்பகலோ? கெதியாப் போம்."

அவரை அந்த இருட்டில் விட்டுவிட்டு ஓடினேன். ஐந்து நிமிச ஓட்டம். அலுமாரிப் பூட்டின் திறப்பு அரிசி வாளிக்குள் கிடந்தது. அலுமாரியைத் திறந்து, பெட்டியைக் கிழித்து, பொத்தானை அமத்தினேன். எரியவில்லை. திரும்பவும் அமத்தினேன். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பற்றறி இரண்டும் ஊதி, வெள்ளைத் தூள் பூத்துக் கிடந்தது. மூன்று வருசமாக ஒரு கீறல் படாமல் காப்பாற்றின சாமான் உள்ளுக்குள் உக்கிப்போய்க் கிடந்தது. என்னை நானே தூசணத்தில் ஏசினேன்.

குசினிக் கத்தி நுனியால் தூளைச் சுரண்டினேன், தகரம் மினுங்கும்வரை. புதுப் பற்றறிக்குக் கடை அரை மைல். அப்போதுதான் மணிக்கூட்டுச் சத்தம் கேட்டது.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். எங்கள் மணிக்கூட்டிலிருந்து ஒன்று எடுத்தேன். ஆறு இருபதில் நின்றது. லைற்றுக்கு இரண்டு வேண்டும். மகனுடைய மணிக்கூட்டுக்குப் போன கை அப்படியே நின்றுவிட்டது. அங்கே ஏழு ஐம்பது, அவன் தெருவில் பனிக்குள் நிற்கிற நேரம். இதை நிற்பாட்டினால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்தேன். விசர்ப் பயம்தான். கிணற்றுக்குள் ஒரு மனிசனை நிற்கவிட்டு அந்த யோசனைக்கு நான் கொடுத்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிடுங்கினேன். லைற் எரிந்தது.

தலையில் மாட்டிக்கொண்டு ஓடினேன். எண்ணெய்த் தலையில் பட்டி வழுக்கி ஒரு கண்ணை மறைத்தது. அப்படியே ஓடினேன். பற்றைக்குக் கிட்ட வந்தபோது கிணற்றுக்குள் ஒரு சத்தமும் இல்லை. வாழ்க்கையில் முதல்தரமாக எனக்குக் கேட்கக் கேள்வி கிடைக்கவில்லை.

"வந்திட்டீரோ?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "மாடும் நிக்குது, நானும் நிக்கிறன்."

லைற்றைக் கடைப் பையில் போட்டு, கயிற்று நுனியில் கட்டி இறக்கினேன். மாட்டிக்கொண்டார். அவர் பார்த்த இடத்தில் வெளிச்சம் நின்றது. இரண்டு கையாலும் கயிற்றைக் கொடுத்து, வாங்கி, முன்னங்காலுக்குப் பின்னாலும் மடிக்கு முன்னாலுமாக இரண்டு சுற்று எடுத்து முடிந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெளிச்சம் முழுக்க என் கண்ணில் அடித்தது, அவர் முகம் தெரியவில்லை. தெரியாதது நல்லது என்று நினைத்தேன். நான் அழுததை மட்டும் அவர் வடிவாகப் பார்த்திருப்பார்.

பிறகு அண்ணை ஆட்களோடு வந்தார். லான்ட்மாஸ்ரர் இழுக்க, ஆறு பேர் பிடிக்க, மாடு மேலே வந்து நடுங்கிக்கொண்டு நின்றது. இவர் பிறகு வந்தார். உதடு நீலம். பத்து நாளில் மாடு ஒரு நாகுக் கன்றைப் போட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் சுவரைப் பார்த்தார்.

"ரெண்டையுமோ கழட்டினனீர்?"

"ஓம்."

லைற்றை அலுமாரிப் பக்கம் கொண்டுபோகாமல் குசினிக் கதவு ஆணியில் கொழுவினார். பட்டியில் சேறு. கண்ணாடியில், கிணற்றுக் கல் பட்டதோ என்னவோ, குறுக்காக ஒரு கீறல். அடுத்த நாள் பற்றறி வாங்கி வந்து இரண்டு மணிக்கூட்டுக்கும் போட்டார். கதிரையில் ஏறி முள்ளைத் திருப்பியதும் அவர்தான். நான் விட்டுவிட்டேன்.

கரண்ட் வந்த பிறகு மகன் போன் எடுத்தான். மழை, மாடு, அப்பா எல்லாவற்றையும் விசாரித்தான். நான் கிணற்றுக் கதையைச் சொல்லவில்லை, அவனுக்கு ஏன் வீண் பயம். வழக்கம்போலக் கேட்டான்.

"லைற் பாவிக்கிறீங்களோ, அம்மா?"

"ஓம், பாவிச்சனாங்கள்" என்றேன். மூன்று வருசத்தில் அன்றைக்குத்தான் அது பொய்யில்லை.

"அப்ப பழசாப் போயிருக்கும், என்ன? திருவிழாவுக்கு ஆக்கள் வருவினம், புதுசு ஒண்டு குடுத்துவிடவோ?"

எனக்கு யோசித்துப் பேசிப் பழக்கமில்லை.

"வேண்டாம், ராசா. நீ வரேக்கை கொண்டு வா."

"அம்மா, லைன் கிளியர் இல்லை, நாளைக்கு எடுக்கிறன்" என்றான்.

லைன் நல்ல கிளியராகத்தான் இருந்தது. அவன் மூக்கை உறிஞ்சினதுகூட எனக்குக் கேட்டது.