வலப்பக்கம் சாய்ந்த ஜன்னல்கள்

பெரியவளின் தொழில் ஜன்னல்களுக்குச் சால்வை போர்த்துவது. நீளமான மெல்லிய துணியைத் திரைக்கம்பியின் மேல் போட்டு, நடுவில் தொய்வு விட்டு, இரண்டு முனைகளையும் இரு பக்கமும் தொங்கவிடுவாள். தையல் கிடையாது, ஆணி கிடையாது. துணி தன் கனத்திலேயே நிற்க வேண்டும். "ஆணி அடிச்சு மாட்டினா அது துணி இல்ல, போஸ்டர்" என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது.

இந்த வேலைக்கு இரண்டு ஏணியும் இரண்டு ஆளும் வேண்டும். இடப்பக்க ஏணியில் பெரியவள், வலப்பக்க ஏணியில் அவள் தங்கை சின்னவள். "விடு" என்றால் சின்னவள் விடுவாள், "இழு" என்றால் இழுப்பாள். ஏணியில் வேறு பேச்சே கிடையாது. மற்ற வம்பையெல்லாம் சாப்பிடும்போது பேசித் தீர்த்துவிடுவார்கள்.

சின்னவள் கல்யாணமாகி எதிர்வீட்டு மாடிக்குக் குடிபோனபோது, அவள் புருஷன் தானே கடைக்குப் போய் ஜன்னலுக்குத் துணி வாங்கிவந்து பெருமையாகப் பிரித்துக் காட்டினான்.

"இருமல் மருந்து நிறம்," என்றாள் பெரியவள். பொய் சொல்லத் தெரியாதவள். சும்மா இருக்கவும் தெரியாதவள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. சின்னவள், "நீ வீட்டுக்குப் போக்கா" என்றாள். அதோடு சரி, பேச்சுவார்த்தை நின்றுபோனது. மறுநாளே அந்தத் துணி ஜன்னலில் ஏறியது, வரிசையாக ஆணி அடித்து. ஏணிகளும் ஆளுக்கொன்றாகப் பிரிந்தன.

மூன்று வருஷமாகப் பெரியவள் அடுப்படியில் நின்றால் எதிரே தெரிவது அந்த இருமல் மருந்துதான். தங்கையின் தலை தெரிகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சின்னவள் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் போய்ச் சொல்லத்தான் மனசு இடம் கொடுக்கவில்லை.

ஒற்றை ஏணியோடு தனியாகவே வேலை பார்த்தாள். இடப்பக்கத்தைச் சரிசெய்து, இறங்கி, ஏணியை நகர்த்தி, வலப்பக்கம் ஏறி இழுப்பாள். துணி மொத்தமும் அந்தப் பக்கமாக வந்துவிடும். திரும்பப் போய் இழுத்தால் எல்லாமே கையோடு வந்துவிடும் என்று அப்படியே விட்டுவிடுவாள். வலது முனை தரையைத் தொடும், இடது முனை பாதி ஜன்னலில் நிற்கும். வீட்டுக்காரர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்து, இதுதான் கலை என்று முடிவுகட்டினார்கள். வேலை குவிந்தது. பெரியவள் வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு பல் டாக்டர் கூப்பிட்டார். புது கிளினிக், நோயாளிகள் உட்காரும் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரே ஜன்னல். துணி மூன்று முறை அவள் தலையிலேயே வந்து விழுந்தது. அதை மடித்து வைத்துவிட்டு நேரே போய் எதிர்வீட்டு மாடிப்படி ஏறினாள்.

கதவைத் திறந்த சின்னவளிடம், "உன் ஏணி வேணும்" என்றாள்.

"ஏணி தரேன். அதுல யாரு நிப்பா?"

பெரியவள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஏணியைத் தூக்கினாள். முன்பக்கத்தை ஒருத்தி, பின்பக்கத்தை ஒருத்தி பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள்.

கிளினிக்கில் "விடு", "இழு" என்ற இரண்டே வார்த்தையில் வேலை முடிந்தது. இரண்டு முனையும் ஒரே உயரத்தில் தொங்கின.

டாக்டர் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "என்னம்மா இது, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு? நீங்க போடுறது வலது பக்கமா சாஞ்சுல்ல இருக்கும்? அதை ஃப்ரெண்டு வீட்டுல பார்த்துட்டுத்தானே கூப்பிட்டேன்."

சின்னவள் ஏணி மேலிருந்தே கேட்டாள். "என் பக்கமாவா?"

"மூணு வருஷமா எல்லா வீட்டுலயும் அப்படித்தான்," என்றாள் பெரியவள். "அந்தப் பக்கம் ஆளில்லையே."

சின்னவள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். புதுத் துணியின் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று டாக்டர் விசிறியை நிறுத்தினார்.

"சரிங்க டாக்டர், சாய்ச்சே போட்டுடுறோம்," என்று சின்னவள் தன் பக்கத்து முனையைப் பிடித்தாள். "அக்கா, நீ விடு. நான் இழுக்கிறேன்."

பெரியவள் விட்டாள்.

"முடிச்சுட்டு வீட்டுக்கு வா," என்றாள் சின்னவள், துணியை இழுத்துக்கொண்டே. "வரும்போது ஆணி பிடுங்க குறடு எடுத்துட்டு வா. அந்த நிறத்தைப் பார்த்தா எனக்கும் இருமல் வருது."