ஒரு சாண் அம்பு

குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே ஷென் பெய்ஜென் அக்கா ஆறுகோண ஜன்னலை எட்டிப் பார்க்கிறார். வெளியே வெள்ளைச் சுவர், அதன் முன்னே ஏழெட்டு மூங்கில்கள். "இன்னும் ஒண்ணு முளைச்சிருக்கு, கழுதை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஒரு வாய் பச்சைத் தேநீர் குடிக்கிறார்.

சீனாவின் சூச்சோ நகரில் கால்வாய்க்கரையை ஒட்டிய அருங்காட்சியகத்தில் பன்னிரண்டு வருடமாகக் காவல் வேலை. ஊரின் பழைய தோட்டங்களைப் பார்த்துக் கட்டிய கட்டடம் அது. நடை வளைந்து வளைந்து போகும். ஒரு சுவரைச் சுற்றினால்தான் அடுத்தது கண்ணில் படும். வழி தெரியாமல் சுற்றுகிறவர்கள் கடைசியில் இந்த ஜன்னலில் வந்து முட்டுவார்கள். அங்கே பேச்சு நின்றுவிடும். ஒருமுறை சண்டை போட்டுக்கொண்டே வந்த புருஷனும் பெண்டாட்டியும் அரைமணி நேரம் ஜன்னலுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கை கோத்துக்கொண்டு போனார்கள்.

"வெளியே போற வழி எது?" என்று அக்காவிடம் நாளைக்கு இருநூறு பேராவது கேட்பார்கள். எழுந்து எழுந்து காட்டி முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். இரண்டு வருடம் முன்பு பொறுக்கமாட்டாமல் ஆலோசனைப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டார்: தரையில் அம்பு ஒட்டினால் என்ன? மறுவாரமே ஒரு சாண் நீளத்தில் மஞ்சள் அம்புகள் வந்து ஒட்டிக்கொண்டன. அக்காவுக்குப் பாராட்டுப் பத்திரமும் இந்தக் குடுவையும் கிடைத்தன.

இப்போது யாரும் வழி கேட்பதில்லை. தலையைக் குனிந்து அம்பைப் பார்த்தபடியே போகிறார்கள். இடது பக்கம் ஆறடியில் ஜன்னல், திரும்பத்தான் ஆளில்லை.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா? நானே கெடுத்தேன்" என்று அக்கா புலம்பாத நாளில்லை.

அம்பை எடுக்கச் சொல்லி மேலாளர் ஃபானிடம் மூன்று முறை கேட்டாயிற்று. "நீங்க எழுதிக் கொடுத்துதானே ஒட்டினோம், அக்கா? இப்ப புகாரே வர்றதில்ல. நிம்மதியா உக்காருங்களேன்" என்று சிரிக்கிறார்.

"நிம்மதிக்கு என்ன குறைச்சல், சுடுகாடு மாதிரி இருக்கு!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதம் அக்காவுக்குப் பணி ஓய்வு. அப்புறம் இந்த மூலைக்கு ஆளே போடமாட்டார்களாம். அம்புதான் இருக்கிறதே!

செல்பேசியும் கையுமாக ஒரு பெண் விறுவிறுவென்று வருகிறாள். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நடையின் நடுவில் போய் நிற்கிறார். அந்தப் பெண் தயங்குகிறாள், தரையைத் தேடுகிறாள்.

"அம்பைக் காணோமே. எந்தப் பக்கம் போகணும்?"

அக்கா குடுவை மூடியால் இடது பக்கம் காட்டுகிறார். அவருடைய கறுப்புக் காலணிகள் இரண்டும் நெருங்கிச் சேர்ந்து, மஞ்சள் துளியும் தெரியாமல் அழுத்தி நிற்கின்றன.