சாட்சியின் விலாசம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்கவேண்டும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவும் கூச்சப்படுவேன். ஆனால் இது என் கையால் நடந்தது.

அப்போது கனடாவில், செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தேன். கீழ்வீட்டு அக்கா, ஊரில் தன் தங்கை வீட்டில் இருந்த கணவரைக் கனடாவுக்கு எடுக்கப் பேப்பரெல்லாம் சரிக்கட்டி வைத்திருந்தார். அந்த நேரம் இராணுவத்தினர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் உடல் கிணற்றில் கிடந்தது. பிடித்ததைக் கண்ணால் கண்டவர் அந்தத் தங்கை மட்டும்தான்.

சில மாதங்களின் பின், இராணுவம் தன் ஆட்கள் மீதான முறைப்பாடுகளைத் தானே விசாரிக்கும் என்று தமிழ் வானொலியில் சொன்னார்கள். அக்கா மேலே வந்தார்.

“தம்பி, உங்களுக்கு வாய்தான் இல்லை, கையெழுத்து அச்சு மாதிரி. ஒரு மனு எழுதித் தாங்கோ.”

ஊரில் கிராமசேவையாளருக்கு எழுதுவதைப் போலவே எழுதினேன். கடைசியில் சாட்சியின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம்.

“தங்கச்சின்ர விலாசமும் போடவேணுமோ?”

“போடாட்டிக் குப்பைக்குள்ள எறிஞ்சுபோடுவினம், அக்கா.”

அவ்வளவு உறுதியாக நான் யாரிடமும் பேசியதில்லை. அக்கா நம்பி, அதை இராணுவத்துக்குத் தபாலில் அனுப்பினார்.

ஒரு ஞாயிறு காலை என்னைக் கீழே கூப்பிட்டார். தொலைபேசியில் தங்கையின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அக்கா, விசாரிக்கவெண்டு மூண்டு பேர் வந்தவை. முன்னுக்கு வந்தவன் ஆர் தெரியுமோ? அத்தானைக் கொண்டுபோனவன்.”

“வடிவாத் தெரியுமோடி?”

“புருவத்தில வெட்டுக்காயம். அந்த முகத்தை மறப்பனே?”

அவன் கையில் என் மனு இருந்ததாம். சாட்சி என்று போட்ட தங்கையின் பெயரில் விரலை வைத்து, “நீதானே இது?” என்று கேட்டானாம். பிறகு, எதையும் காணவில்லை என்று எழுதிய ஒரு தாளை நீட்டியிருக்கிறான்.

“கையெழுத்து வைச்சிட்டன், அக்கா. பிள்ளையள் பக்கத்தில நிண்டதுகள்.”

கொன்றவனையே விசாரிக்க அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யாராவது, ஒரு பெரிய அதிகாரி, மேசைக்குப் பின்னால் இருந்து வாசிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

“வைச்சது நல்லது,” என்றார் அக்கா. “இனி அங்க நிக்காத. விடிய வெளிக்கிடு.”

தொலைபேசியை வைத்தபின் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: “அவனைப் பற்றி அவனட்டயே முறைப்பாடு குடுத்திருக்கிறம், தம்பி.”

கொடுத்திருக்கிறோம் என்றார். விலாசத்தைப் போட்டவன் நான்.

மறுநாள் தங்கை வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளுடன் வவுனியா பஸ்ஸில் ஏறினார்.