ஆனியில் பிடுங்க வேண்டிய செடி

நான் சுத்தம் செய்து கொடுத்த நிலத்தின் மேல் இன்று பெங்களூரில் எத்தனை தெரு நிற்கிறது என்று எனக்கே தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜோகுபாளையத்தில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு மண் சுமந்தேன். பிறகு மேஸ்திரி ஆனேன். அதற்கப்புறம் லேஅவுட் போடுகிறவர்கள் காடாகக் கிடக்கும் நிலத்தைக் காட்டி, இதை மனையாக்கிக் கொடு என்று என் வாசலில் வந்து நின்றார்கள். உண்ணிச்செடிப் புதரோ, சீமைக்கருவேலமோ, எதை எந்த மாதத்தில் தொட்டால் திரும்பி முளைக்காது என்று நான் சொன்னால் இஞ்சினியர்கள் மறுபேச்சுப் பேசியதில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என்னைப் பற்றிப் பெருமையாகப் பேச அந்தக் காலத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

அப்பேர்ப்பட்டவனால் தன் வீட்டை ஒட்டிக் கிடக்கும் தன்னுடைய சைட்டை, வெறும் முப்பதடிக்கு நாற்பதடி காலி மனையை, இந்த வருஷம் சுத்தம் செய்ய முடியவில்லை.

கே.ஆர். புரம் தாண்டி நான் மனை வாங்கியபோது இரண்டாக வாங்கினேன். ஒன்றில் வீடு கட்டி நாங்கள் இருக்கிறோம். மற்றது மகனுக்கு. அவன் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். கன்னடக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வாடகைக்கு இருக்கிறான். வருகிற தையில் அந்த சைட்டில் வீடு ஆரம்பிப்பதாகப் பேச்சு. அதுவரை சும்மா கிடக்கிற மண்ணில் என்ன வரும்? பார்த்தீனியம்தான் வரும்.

எங்கள் படுக்கை அறை ஜன்னல் அந்தப் பக்கம். செடி வெள்ளையாகப் பூத்தால் என் மனைவிக்கு இழுப்பு வந்துவிடும். போன வருஷம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாஸ்க் போட்டு மருந்துப் புகை பிடிக்க வைத்துத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அந்தச் செடி பூக்கிற காலத்தில் இந்தம்மா அதன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இனி ஒரு பூ பூக்க விடமாட்டேன் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

பார்த்தீனியத்துக்கு ஒரே ஒரு காலம்தான் உண்டு. கோடையில் பிடுங்கினால் தண்டு கையோடு வரும், வேர் மண்ணில் நிற்கும். பூத்த பிறகு பிடுங்கினால் விதையை நாமே தூவின மாதிரி. மழை பெய்து மண் ஊறி, செடி ஒரு சாண் எழுந்து, மொட்டு வைக்கிறதற்கு முன்னால் இருக்கிற சில நாட்களில் கையுறை போட்டுக்கொண்டு வேரோடு உருவி எடுக்க வேண்டும். இந்த வருஷம் சித்திரை மழை ஏமாற்றிவிட்டது. வைகாசிக் கடைசியில்தான் மண் ஊறியது. ஆனியில் செடி நான் நினைத்த உயரத்துக்கு வந்தது. பழைய பழக்கத்தில் எனக்குத் தெரிந்த மூன்று பெண்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான், கூடவே அவன் மாமனாரும் வந்தார். நல்ல மனிதர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். காபியைக் கையில் வாங்கியவர் ஜன்னல் வழியாக சைட்டைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆள் வருதாமே, பீகரே," என்றார். கன்னடத்தில் சம்மந்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ஆமாங்க. செடி பிடுங்க."

"பேடா, வேணாம். எங்களுக்கு ஆஷாட மாசம் பொறந்தாச்சு. வீடு கட்டுற எடத்துல ஆஷாடத்துல மண்ணத் தொடக் கூடாது. நம்ம பக்கம் யாரும் செய்ய மாட்டாங்க."

"கடைக்கால் தோண்டலீங்க. களைதான் எடுக்கிறேன்."

"மொதல்ல கை வெக்கிறது எதுவோ அதுதானே ஆரம்பம்?"

நான் மண்ணைப் பற்றிச் சொன்னேன். வேரைப் பற்றிச் சொன்னேன். எந்தெந்த லேஅவுட்டில் எதை எப்போது எடுத்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு மாசம்தான் பீகரே, செடி எங்க ஓடிடப் போவுது?" என்றார். மகன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு மாமனார் வீட்டில் நல்ல பெயர் வேண்டும், அதில் தப்பில்லை. திங்கட்கிழமை வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன்.

செடி ஓடவில்லை. ஆனால் நிற்கவும் இல்லை. தினம் காலையில் போய்ப் பார்ப்பேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தது.

ஆஷாடம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம் என்று பார்த்தால், அது முடிவதற்குள்ளேயே நம் ஆடி பிறந்துவிட்டது. அவர்களுடைய கெட்ட மாதம் அமாவாசையைப் பார்த்து வருகிறது, நம்முடையது சூரியனைப் பார்த்து வருகிறது. இரண்டும் பாதி பாதி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கன்னடக்காரர் வீட்டில் பெண் எடுத்தவன் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துத்தான் கை கட்டி நிற்க வேண்டும். ஆஷாடம் கழிந்த அன்று, நாளைக்கு ஆள் சொல்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"ஆடி மாசத்துலயா?"

"அவங்க மாசம்தான் முடிஞ்சிடுச்சே."

"அவங்க மாசத்த மதிச்சீங்க, நம்ம மாசம் மட்டும் எளப்பமா? ஆவணி பொறக்கட்டும்."

"அதுக்குள்ள பூத்துடும். உனக்குத்தான் இழுக்கும்."

"எனக்கு ரெண்டு மாசம் இழுக்கும், அவ்ளோதான. புள்ள வூடு காலத்துக்கும் நிக்கணும்."

ஆயிரம் கூலியாட்களைக் கட்டி மேய்த்தவன் நான். என் குரலைக் கேட்டால் டிராக்டர் நிற்கும். கீரை ஆய்கிற ஒரு கையை என்னால் நிறுத்த முடியவில்லை.

ஆவணி பிறந்தபோது சைட் முழுக்க வெள்ளை வெளேர் என்று இருந்தது. முதல் ஞாயிறு காலையில் மகன் ஒரு ஆளைக் கூட்டி வந்தான். தோளில் மாட்டுகிற பெட்ரோல் மிஷின், முன்னால் சுற்றுகிற பிளேடு. அந்த ஆள் மிஷினைக் கிளப்பியதும் நான் ஓடிப்போய் கேட்டை மறித்து நின்றேன்.

"நிறுத்துப்பா. வெட்டக் கூடாது."

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதானப்பா வெட்டு வெட்டுன்னு உயிர எடுத்தீங்க?"

"நான் பிடுங்கச் சொன்னேன். அதுவும் ஆனியில சொன்னேன். இப்ப இத மிஷின்ல அடிச்சா பூவெல்லாம் பொடியாயி உங்கம்மா கட்டில்ல போய் உட்காரும்."

"அப்ப இன்னாதான் செய்யச் சொல்றீங்க?"

"செடிய விடு. உங்கம்மாவ மல்லேஸ்வரத்துல கொண்டு போய் வுடு."

மல்லேஸ்வரத்தில் என் மகள் இருக்கிறாள். அன்று சாயங்காலமே ஒரு பையில் துணியும் இன்னொரு பையில் மருந்துமாக என் மனைவி காரில் ஏறினாள். அதற்குள்ளேயே மூச்சில் லேசாக விசில் சத்தம் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி, "பால் பொங்கிடாம பாத்துக்குங்க," என்று மட்டும் சொன்னாள். செடி வீட்டில் இருந்தது. வீட்டுக்காரி வெளியே போனாள். இதைவிட ஒருவனுக்கு என்ன எரிச்சல் வேண்டும்?

புரட்டாசி பூராவும் போனில்தான் குடித்தனம். பூ கொட்டிடுச்சா என்று கேட்பாள். கொட்டுகிறது, கொட்டுகிறதெல்லாம் அடுத்த வருஷத்துக்கு விதை என்பேன். நல்லதாகவே சொல்ல வராதா உங்களுக்கு என்பாள். சம்மந்தியும் ஒருநாள் போன் செய்து, தையில் நல்ல முகூர்த்தம் பார்த்திருப்பதாகவும் அன்றைக்கே சுத்தமும் செய்து பூஜையும் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். தையில் மண் கல்லாகக் கிடக்கும் என்றேன். வீடு வந்துட்டா செடிக்கு எடம் ஏது பீகரே என்று சிரித்தார். வீட்டைச் சுற்றிக் காலியாக விடுகிற இடத்தில் வராதா என்று கேட்க நினைத்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. விடிந்ததும் சைட்டுக்குப் போனேன். பழைய செடிகள் மஞ்சளாகி மழையில் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் விழுந்த விதையெல்லாம் முளைத்துப் பச்சையாக நின்றது. குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வேரோடு, வெள்ளையாக, வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனியில் எனக்குக் கிடைக்காமல் போன அதே பதம். ஆஷாடமும் இல்லை, ஆடியும் இல்லை. உள்ளே போய் கையுறையை மாட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தேன். ஆளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் யார் காதுக்காவது போகும்.

ஒரு ஓரம் முடித்திருப்பேன், சட்டைப் பையில் போன் அடித்தது.

"இன்னா செய்றீங்க?"

"சும்மா நிக்கிறேன்."

"சைட்டுலயா?"

"வாசல்ல."

"இன்னிக்கி அஷ்டமி. அதுல போய்க் கை வெச்சுடாதீங்க."

"நான் எங்க வெக்கிறேன்?"

என் மூச்சைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

"சும்மா நிக்கிறவருக்கு ஏன் இப்டி மூச்சு வாங்குது?"

"வயசாவுதில்ல," என்றேன்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மத்தியானம் ஏதாவது சூடாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தாள். மறுபடி மேகம் கட்டிக்கொண்டு வந்தது. போனை உள்ளே வைத்துவிட்டு, படுக்கை அறை ஜன்னலுக்கு நேராக இருக்கிற பக்கத்திலிருந்து திரும்பப் பிடுங்க ஆரம்பித்தேன்.