நான் வெட்டி எறிந்த குத்து

இரண்டு வருடங்களுக்கு முன்பு, விருதுநகரில் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சிறையில் குத்துச்சண்டை கற்று வெளியே வந்தவர்களைப் பற்றி நானும் என் நண்பனும் ஓர் ஆவணப்படம் எடுத்தோம். நான்கு பேரைத் தேடிப் பிடித்தோம். நால்வரும் ஆண்கள். பாதிப் படத்தைப் பார்த்த ஆசிரியர், "ஒரு பொம்பளகூட இல்லையாப்பா?" என்றார். போட்டிக்கு அனுப்பும் படத்தில் அந்தக் குறை இருக்கக் கூடாது என்றுதான் ஒரு பெண்ணைத் தேடிக் கிளம்பினேன். இதை ஒப்புக்கொள்ளவே இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஆமத்தூர்ப் பக்கம் ஓர் அக்கா கிடைத்தார். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பட்டாசு செய்தபோது தீப்பிடித்து, வழக்காகி உள்ளே போனவர். அங்கே பயிற்சி எடுத்து, கைதிகளுக்குள் நடந்த போட்டியில் ஜெயித்துமிருக்கிறார். இப்போது பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறார். தீபாவளி சீசன் நெருக்கடியிலும் எனக்காக ஒரு நாள் லீவு போட்டார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்.

"எம் மக புதுப்பட்டியில எங்க அண்ணன் வீட்டுல இருக்கா தம்பி. ஜெயிலுக்குப் போனவன்னு எங்கூடப் பேச மாட்டேங்கா. அங்க ஜெயிச்சதுக்கு ஒரு போட்டோகூட எங்கிட்டக் கிடையாது. நான் எப்படிச் சண்ட போடுவேன்னு அவ பாக்கணும். அம்புட்டுத்தான்."

கண்டிப்பாக என்றேன்.

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, என்னைத் தலையணை பிடிக்கச் சொன்னார். "கால நல்லா ஊனி நில்லுங்க. படிச்ச புள்ள, பொசுக்குன்னு விழுந்துராதீக!" விட்டார் ஒரு குத்து. தலையணையோடு போய்த் தண்ணீர்க் குடத்தின் மேல் விழுந்தேன். அக்கா என் நண்பனைப் பார்த்து, "கேமராக்காரத் தம்பி, புடிச்சீகளா? இல்ல இன்னொருக்கா போடவா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியாக மகளைப் பற்றிக் கேட்டேன். அழுதுவிட்டார்.

எடிட் செய்யும்போது அந்தச் சிரிப்பு படத்தின் கனத்தைக் கெடுப்பதாகத் தோன்றியது. அடிக்கிற காட்சிகள்தான் ஆண்களிடம் நிறைய இருந்தனவே! அழுகையை மட்டும் வைத்தேன். நாற்பது விநாடி. ஆண்களின் பெயருக்குக் கீழே 'குத்துச்சண்டை வீரர்' என்று போட்டவன், அக்காவின் பெயருக்குக் கீழே 'முன்னாள் கைதி' என்று போட்டேன். அது உறுத்தவே இல்லை.

போட்டித் திரையிடலுக்கு அக்கா மகளைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தார். அந்த நாற்பது விநாடி வந்து போனது. அந்தப் பெண் அம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மேடையில் நடுவர், எங்கள் படம் எல்லாத் தரப்பினருக்கும் இடம் கொடுத்திருக்கிறது என்று பாராட்டினார். கைதட்டல் முடிவதற்குள் இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

ஓடிப் போய் பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். "நீ அழுகுறதப் பாக்கத்தான் என்னைய இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். அக்கா என்னைப் பார்த்து, "நான் அழுததத்தான் இவ ஏற்கனவே பாத்திருக்காளே தம்பி," என்றார்.

அந்தக் குத்தையும் படத்தில் சேர்த்துக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நண்பனிடம் ஓடினேன். வேண்டாம் என்று நான் ஒதுக்கிய காட்சிகளை அவன் எப்போதோ அழித்திருந்தான். அழிக்கச் சொன்னவனே நான்தான்.

மறுவாரம் போய் உண்மையைச் சொன்னேன். இன்னொரு தடவை எடுக்கிறேன் என்று கெஞ்சினேன். அக்கா லேபிளில் இருந்து கையை எடுக்கவில்லை. "எடுத்து யாருக்குக் காட்ட? இனிமே கூப்பிட்டா அவ வர மாட்டா. போயிட்டு வாங்க தம்பி, லோடு ஏத்த வண்டி வந்துரும்."

அந்தப் படத்தில் ஒரு பெண்ணுக்கும் இடம் கொடுத்தாயே என்று இன்றும் யாராவது பாராட்டினால் உடம்பு கூசுகிறது. ஒரு தாய் தன் மகளுக்குக் காட்ட ஆசைப்பட்ட ஒரே ஒரு குத்தை, தேவையில்லாத காட்சி என்று முடிவு செய்தவன் நான்.