கிரீஸ் பால் குடிக்காது

எங்கள் அப்பாவைப் பற்றிச் சொந்தக்காரர்கள் இன்றும் ஒன்றுதான் சொல்வார்கள். வாயில்லா ஜீவன் என்றால் மனுஷர் உயிரையே விடுவார் என்று. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து இதைக் கேட்டுவிட்டால் அதற்குமேல் எனக்குச் சோறு இறங்காது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கை கழுவ எழுந்துவிடுவேன். உள்ளே எரிவது முகத்தில் தெரிந்துவிட்டால் யார் என்ன நினைப்பார்களோ என்று அதற்கு வேறு தனிக் கவலை. இந்த வயதிலாவது எழுதி வைத்துவிடுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கோவையாக வருமோ வராதோ.

அப்பாவுக்குத் தாம்பரத்தில் ரயில்பெட்டி பழுது பார்க்கிற ஷெட்டில் வேலை. தண்டவாளத்துக்கு மேற்கே, ஐந்து குடித்தனம் வரிசையாக இருந்த வீட்டில் நடுப் போர்ஷன் எங்களுடையது. ஷெட்டில் அடிபட்ட பூனையோ தாயில்லாத குட்டியோ எது கண்ணில் பட்டாலும் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்து வந்துவிடுவார். எனக்கு ஒன்பது வயதானபோது வீட்டில் மூன்று பூனைகள் நிலைத்திருந்தன.

சக்கரத்தில் வாலைப் பறிகொடுத்தது மொட்டை. மகா கர்வி. தட்டில் வைத்துவிட்டு நாம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால்தான் தின்னும். எலெக்ட்ரிக் ட்ரெயின் தடதடத்துப் போனாலும் காதைக்கூட ஆட்டாது, குக்கர் விசில் அடித்தால் மட்டும் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். அடுத்தவள் கரியம்மா. ரவுடி. கடைசிப் போர்ஷன் நாயை மூக்கில் பிறாண்டி அழவைத்து அனுப்பியவள். மூன்றாவதுதான் கிரீஸ். கிரீஸ் டின்னுக்குள் விழுந்து கிடந்த குட்டி. சித்தி மூன்று நாள் தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் போட்டுத் துடைத்த பிறகுதான் அது வெள்ளை நிறம் என்பதே தெரிந்தது. என்னைப் போலவே பயந்தாங்கொள்ளி, கதவு சாத்துகிற சத்தத்துக்கே நடுங்கும். இன்னொன்று, அதற்குப் பால் ஆகாது. ஒரு வாய் நக்கினாலும் கக்கிவிடும். இட்லியும் கருவாட்டுத் தலையும்தான் ஆகாரம். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று ஊரில் பழமொழி சொல்வார்கள். நிஜமாகவே பால் குடிக்காத பூனை எங்கள் வீட்டில்தான் இருந்தது.

சித்தி என்றது சித்தப்பாவின் மனைவியை. சித்தப்பா வேலை தேடி பம்பாய் போனார். போகும்போது சித்தியை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். முதலில் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. சித்திக்கு அப்போது ஐந்து மாதம். அம்மாவுக்குச் சித்தப்பாவின் மேல் அடங்காத கோபம். ஆனால் அந்தக் கோபம் பம்பாய் வரைக்கும் எட்டுமா? சித்தியை நேராகத் திட்டினால் நாலு போர்ஷனும் காது கொடுக்கும். பூனையைத் திட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்?

அதனால் அம்மா பூனைகளைத் திட்டினாள். அதிலும் சித்தி மடியிலேயே சுருண்டு கிடக்கிற கிரீஸை.

"வந்து ஒண்டுன எடத்துல வாயக் கட்டிக்கினு இருக்கத் தெரியுதா? வேளைக்குத் தின்னறது, வயித்தத் தள்ளிக்கினு படுக்கறது. இன்னாடி பாக்கற, வெக்கங்கெட்டவளே?"

"அம்மா, கிரீஸ் கடுவன்மா. அதப் போயி டி போடறியே."

முதுகில் ஒன்று விழுந்தது. சித்தி முறத்தில் அரிசியைப் புடைத்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிரீஸ் வேளைக்குத் தின்கிற பூனையே இல்லை, அதன் வயிறு எப்போதும் ஒட்டித்தான் கிடக்கும். ஒரு பூனையைப் பற்றி இப்படிக் கூசாமல் பொய் சொல்லலாமா என்று அம்மாவோடு மல்லுக்கு நிற்பேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

வீட்டில் அரை லிட்டர் பால். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காபிக்குப் போக எனக்கு ஒரு டம்ளர். சித்திக்கு வரக்காப்பி. இது சட்டம் போட்டு எழுதியதல்ல, ஆனால் மாறியதில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்குள் நுழைந்தேன். வலை போட்ட அலமாரி திறந்திருந்தது. சித்தி பால் பாத்திரத்தைத் தூக்கி, நின்றபடியே, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் புடவைத் தலைப்பால் உதட்டுக்கு மேலே துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிடாத பாப்பா. அடக்க முடியல கண்ணு."

நான் தலையாட்டினேன். அவள் பாத்திரத்தை மூடி வைத்து, அலமாரிக் கதவைச் சாத்தி, கொக்கியையும் ஒழுங்காக மாட்டினாள்.

சாயங்காலம் காலிப் பால் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அம்மா போட்ட கூச்சலில் மொட்டைகூடக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. கிரீஸின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அப்பாவின் முன்னால் போட்டாள். "காலைல மொத வேலையா இத்தக் கொண்டுபோயி எங்கனா வுட்டுட்டு வாங்க. திருட்டுக் கழுதைங்களுக்கு இந்த வூட்ல எடம் கெடையாது."

கொக்கி மாட்டிய அலமாரியைப் பூனை எப்படித் திறந்தது, திறந்த பூனை திரும்ப எப்படி மாட்டியது என்று, நாள் முழுக்க நட்டும் போல்ட்டுமாகப் புழங்குகிற மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி என்றார். நான் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிரீஸ் பிழைத்துக்கொள்ளும். சொல்வாள், இதோ சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

மறுநாள் கிரீஸைக் கோணியில் கட்டி பஸ்ஸில் கோவளத்துக்குக் கொண்டுபோனோம். "அங்க மீனாக் கெடக்கும். ராசா மாதிரி இருப்பான்," என்றார் அப்பா. நான் அடம்பிடித்துக் கூடப் போயிருந்தேன். கோணிக்குள் காற்று போகிறதா, நாய் துரத்தினால் எங்கே ஏறும், மீன் இல்லாத நாளில் என்ன தின்னும் என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்டுக்கொண்டே வந்தேன். கோணி என் மடியில் நடுங்கியது.

கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கோணியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"இன்னா நைனா, பூனை வுட வந்தியா? எடுத்துகினு போ. இங்க கீற கடுவனுங்க இத்த உரிச்சுடும்."

"ஞாயித்துக்கெழமையானா ஒர்த்தன் கோணியத் தூக்கிகினு வந்துடறான்," என்று பக்கத்துக் கூடைக்காரி சிரித்தாள். "பொண்டாட்டி சொன்னாளா?"

அப்பா காது கேட்காதவர்போலப் படகுகளுக்குப் பின்னால் நடந்தார். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது எனக்கு வாக்கும் சத்தியமும் பறந்துபோயின. "பால் குடிச்சது கிரீஸ் இல்லப்பா! சித்திப்பா! நான் பாத்தேன்!"

"தெரியும்," என்றார். "நீ சும்மா இரு."

கிரீஸ் வெளியே வரவில்லை. கோணியை மூலையில் பிடித்து உதறினார். மணலில் விழுந்த கிரீஸ், போவதற்கு இடம் தெரியாமல் அவருடைய செருப்புக்கே திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. அப்பா அதைக் காலால் தள்ளினார். மெதுவாகத்தான் தள்ளினார், அதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது பஸ்ஸில் அவர் கண் கலங்கியிருந்தது. ஐயோ பாவம் அப்பா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிவது அதுதான்.

வீட்டு வாசலில் சித்தி காலிக் கோணியை வாங்கி, உதறி, நாலாக மடித்து வைத்தாள். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை. அவள் சடை பின்ன வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்த வாரக் கடைசியில் அவள் ஊரப்பாக்கத்தில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கேயும் ஒரு அண்ணி இருந்தாள். அப்பா ஷெட்டுக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், போகாதே என்று சொல்லவில்லை.

"போய்ட்டு வரேன் பாப்பா," என்றாள் சித்தி, ஒரு கையில் தகரப் பெட்டி, ஒரு கை இடுப்பில்.

நான் நிமிரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த கரியம்மாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "திருட்டுக் கழுதைங்களுக்கு இந்த வூட்ல எடம் கெடையாதுடி. போ, போயிடு."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கரியம்மா கொட்டாவி விட்டாள். சித்தி பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கிரீஸுக்காக நான் ஒருத்தியாவது நியாயம் கேட்டுவிட்டேன் என்று எனக்கு அத்தனை நிம்மதி. அப்பா கோணியில் கட்டிக் கொண்டுபோனது யாரை என்று, அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.