மூன்று மாதமும் ஒரு சோற்று டப்பாவும்

என் வீட்டுக்காரர் அதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, நான் அடுப்படியில் உட்கார்ந்து சாளை மீன் அரிந்துகொண்டிருந்தேன். அவர் லாரி ஓட்டுகிறவர். திருப்பூரில் பனியன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போவார். அன்றைக்கு உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏ புள்ள, நீயும் ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வரணுமாம். டாக்டர் சொல்லுதாரு.”

“எனக்கு என்ன கேடு?” என்றேன்.

கேடு எனக்கில்லை, அவருக்கு. போன மாதம் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பெண்ணிடம் போயிருக்கிறார். பிறகு மறைவிடத்தில் புண் வந்திருக்கிறது. டாக்டர் ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியனுப்பிவிட்டார். இத்தனையையும் என் முகத்தைப் பார்க்காமல் மீனைப் பார்த்தே சொல்லி முடித்தார். நான் கத்தவில்லை. லைன் வீட்டில் கத்தினால் வரிசை முழுக்கக் கேட்கும். அரிந்த மீன் மொத்தத்தையும் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் பூனைக்குக் கொட்டினேன். இன்றைக்கும் ‘அவர்’ என்றுதான் எழுதுகிறேன். அந்த மரியாதை பழக்கத்தில் வருவது, மனசிலிருந்து வருவதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் எனக்கும் ஊசி போட்டார்கள், எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஆலோசனை சொல்கிற பெண் என்னைவிட வயதில் சின்னவள். எச்.ஐ.வி. சோதனையில் இரண்டு பேருக்கும் இன்றைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் புதிதாக வந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் தெரியாது, மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்தால்தான் உறுதி என்றாள். ஆணுறை பாக்கெட்டை மேசையில் வைத்தாள். “அந்த ஆள் கிட்ட வந்தாத்தானே” என்றேன். அவள் சிரிக்கவில்லை. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, ஒரே டம்ளரில் குடித்தால் வராது, ரத்தத்தில் மட்டும் கவனமாக இருங்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

தலைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த சமயம். பக்கத்து மெஷினில் இருந்த அக்கா சேவூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து கம்பெனி வேனில் வருவார். நான் தெற்கேயிருந்து வந்து சேர்ந்தபோது என்னிடம் முதலில் பேசியவர் அவர்தான். மத்தியானம் நாங்கள் டப்பாவை மாற்றிக்கொள்வோம். என் கருவாட்டுக் குழம்புச் சோற்றை அவர் எடுப்பார், அவருடைய அரிசிம்பருப்புச் சோற்றை நான் எடுப்பேன். அவரவர் கொண்டுவந்ததை அவரவரே சாப்பிட்ட நாள் எனக்கு நினைவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் என் டப்பாவை நான் கொடுக்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அடுத்த நாள் விரதம் என்றேன். அதற்கடுத்து, சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டேன். என் எச்சில், என் டம்ளர், என் சீப்பு எல்லாமே எனக்குப் பயமாக இருந்தது. வாயில் புண் வந்தால் அதுதான் என்று நினைப்பேன். தொண்டை கட்டினால் அதுதான். போனில் தேடக் கூடாது என்று ஆஸ்பத்திரிப் பெண் சொல்லியிருந்தாள், தேடினேன். டீ நேரத்தில் பேக்கிங் பக்கம் போய், அட்டைப்பெட்டி நிறுக்கிற எடைமெஷினில் யாருக்கும் தெரியாமல் ஏறி நிற்பேன். எடை குறைந்துகொண்டே வந்தது. சாப்பிடாதவளுக்கு எடை ஏறவா செய்யும் என்று கேட்டுக்கொள்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

வாடியிருந்த என்னைப் பார்த்துத் தையல் லைனில் இருந்தவர்கள், “என்ன, விசேஷமா?” என்று சிரித்தார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வருஷம்தான் நல்ல டாக்டராகப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்தக் கேலிக்கு நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஒருநாள் மாடிப்படிக்கே வந்து, இரண்டு படி கீழே நின்றார்.

“ஏனுங்க, எங்கூட்டுச் சோறு உங்களுக்கு ஆகாதுங்களா? யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?”

எப்போதும் ‘கண்ணு’ என்று கூப்பிடுகிற வாய் அது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. “யாரு என்ன சொல்லப் போறாங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்றேன். “சரிங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து என்னிடம் மரியாதையாகவே பேசினார். கத்தரி வேண்டுமென்றால் கையில் கொடுக்காமல் டேபிளில் வைத்தார்.

ஷிப்மென்ட் அவசரத்தில் எல்லோரும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் என் கவனம் தப்பியது. ஊசி என் ஆள்காட்டி விரல் நகத்தைத் துளைத்து இறங்கி அப்படியே நின்றுவிட்டது. சக்கரத்தைக் கையால் திருப்பினால்தான் ஊசி மேலே ஏறும். எனக்குக் கை வரவில்லை. பழைய பேச்சு நின்றிருந்தாலும் அக்காதான் எழுந்து ஓடிவந்து சக்கரத்தைத் திருப்பி என் விரலை விடுவித்தார். ரத்தம் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அதை அழுத்திப் பிடிக்க அக்கா கையை நீட்டினார். அவர் விரல்களில் நூல் வெட்டும் கத்தரி பட்ட கீறல் எப்போதும் இருக்கும்.

“என்னைத் தொடாதீங்க!” என்று அலறினேன்.

அந்த லைன் முழுக்க மெஷின் நின்றது. அக்கா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். எல்லோரும் என்னையல்ல, அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. காலனிக்காரி தொடக் கூடாது என்று நான் சொன்னதாக அத்தனை பேரும் எடுத்துக்கொண்டார்கள். மாடிப்படியில் அவர் கேட்ட கேள்விக்கும் அதுதான் அர்த்தம். சூப்பர்வைசர் என்னை முதலுதவிக்குக் கூட்டிப்போனபோது விரல் வலி தெரியவேயில்லை. மறுநாள் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு வேறு லைனுக்குப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தப்புச் செய்தவர் லாரியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறார். நான் இங்கே சாதி பார்க்கிறவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். வாயைத் திறந்தால் நோய்க்காரி, மூடிக்கொண்டால் சாதிக்காரி. இரண்டில் எது தாங்கும் என்று ஒரு வாரம் யோசித்தேன். நோய்க்காரி என்றால் என் மானம் மட்டும்தான் போகும் என்று கடைசியில் தோன்றியது.

சாயங்காலம் வேனுக்கு நின்றவரைத் தனியே கூப்பிட்டேன். “சாதி இல்லக்கா. எங்க வீட்டுக்காரர் ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்துட்டாரு. எனக்கும் அந்த நோய் இருக்குமோன்னு டெஸ்ட் எடுத்திருக்கு. இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி.”

வேன் வந்து ஹாரன் அடித்தது. அக்கா அதைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

“இதச் சொல்ல உனக்கு இத்தன நாளாச்சா? ஊட்டுக்குப் போயி நான் எப்படி அழுதன்னு உனக்குத் தெரியுமா?” என்றார். பிறகு, கோபம் அடங்காமலே, “சாதின்னு நெனச்சது என்ர தப்பில்ல. எனக்கு மொதல்ல அந்த நெனப்புத்தான் வரும். வர்ற மாதிரித்தான் வச்சிருக்காங்க” என்றார்.

வேன் போய்விட்டதால் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.

“அடுத்த டெஸ்டுக்கு எப்பப் போற?” என்று அக்கா கேட்டார்.

“மாசக் கடைசியில.”

“நானும் வாரேன்.”

இரண்டாவது சோதனைக்கு என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து காத்திருந்தோம். என் டப்பாவைத் திறந்து இரண்டு வாய் தயிர்சோறு தின்றேன். இறங்கவில்லை; மூடி வைத்தேன். அக்கா தன் பையிலிருந்து அரிசிம்பருப்பு டப்பாவை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, என்னுடையதைத் தன் பக்கம் இழுத்தார்.

“அதுல நான் வாய் வச்சுட்டேன்க்கா. ரிசல்ட் வந்துரட்டும்.”

“ரிசல்ட் வர்றப்ப வரட்டும். எனக்குப் பசிக்குது” என்று மூடியைத் திறந்து, நான் அள்ளிய இடத்திலேயே கைவைத்து ஒரு வாய் அள்ளிப் போட்டார். மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். “உப்புப் போடறதுக்குக்கூட நெனப்பில்லயா கண்ணு உனக்கு?”

அந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஆலோசனைப் பெண், எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை, இனிப் பயப்பட வேண்டாம் என்று சொன்னாள். நான் மறுபடியும் கேட்டேன், அவள் மறுபடியும் சொன்னாள். அவரை மன்னிப்பதா என்பது வேறு கதை. அது இன்னும் முடியவில்லை.

வெளியே வந்தபோது அக்கா பெஞ்சில் இல்லை. குழாயடியில் நின்று, ஒரு பருக்கை மிச்சமில்லாத என் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.